சகலை பதினோரு கிலோ இளைத்த வருடம்

1

மார்ச் 16, 2025, ஞாயிற்றுக்கிழமை. மெல்போர்ன். காலை 6:00 மணிக்கு எழுந்தேன். 6:10, எடை 78.4 கிலோ. 6:15, வெறும் வயிற்றில் சர்க்கரை 131. 6:52க்கு வணிக வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைகள் திறப்பதற்கு முன், நடக்க வருகிறவர்களுக்காக ஒரு கதவை மட்டும் திறந்து வைக்கிறார்கள். தரைத்தளத்தை ஒருமுறை சுற்றிவர 640 காலடி. எட்டுச் சுற்று. 7:55க்கு வீடு. காலை உணவு இரண்டு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, அரைக் கிண்ணம் அவித்த கடலை.

இதையெல்லாம் எழுதும் உணவு நோட்டைத் தொடங்கி இன்றோடு ஒரு வருடம். சென்ற வருடம் இதே தேதியில்தான் டாக்டர், "இன்னும் நோய் இல்லை, ஆனால் நோயின் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள்" என்ற பொருளில் ஒன்று சொன்னார். அன்று வாங்கிய நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஐந்து பத்தி: நேரம், உணவு, அளவு, நடை, குறிப்பு. ஒரு பக்கம்கூட விட்டதில்லை.

மதியம் 12:30க்குக் காரைக்குடிக்கு வீடியோவில் பேசுவது ஞாயிற்றுக்கிழமை வழக்கம். அங்கே அப்போது காலை ஏழு மணி. என் மனைவி செல்வியின் தங்கை கலாவும், கலாவின் கணவர் சேதுராமனும் திரையில் வருவார்கள். சேது எனக்குச் சகலை. இன்று அவர்தான் முதலில் வந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வயிறு இருந்த இடத்தில் வயிறு இல்லை.

"என்னண்ணே, சாப்டீகளா?"

"ஆச்சு சேது. என்ன, இப்படி நனைஞ்சு போயிருக்கீங்க?"

"குன்றக்குடி போயிட்டு இப்பத்தான் வாரேன். மலைப்படி மூணு தடவ ஏறி எறங்கியாச்சு. நாலாவது தடவைக்கு மயிலு ரெண்டு படியில உக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேன்னுருச்சுக. சரி, அதுகளே போதும்ங்குதுகன்னு வந்துட்டேன்."

சமையலறையிலிருந்து கலாவின் குரல் வந்தது. "அத்தான், இவுக பேண்ட்டு ஒண்ணும் இடுப்புல நிக்க மாட்டேங்குது. டெய்லரு, 'இனிமே பிடிக்கிறதுக்கு இடமில்லம்மா, புதுசு தச்சிருங்க'ங்குறாரு."

"இங்க உங்க அத்தானுக்குப் பேண்ட்டு நல்லாத்தான் நிக்கிது. பட்டன்தான் நிக்க மாட்டேங்குது" என்றாள் செல்வி. இரண்டு அடுக்களைகளிலும் சிரிப்பு.

நானும் சிரித்தேன். அப்போதுதான் சேது கேட்டார்.

"அண்ணே, கயலு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டீகளா? நாளைக்குக் காலையிலதான் கடைசின்னு சொல்லுச்சு."

கயல் எங்கள் ஒரே மகள். பதினேழு வயது. பக்கத்து அறையில் இருந்தாள்.

"என்ன ஃபாரம்?" என்று கேட்டேன்.

திரையில் சேதுவின் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன். இல்லை. பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே, கயலே சொல்லும். நான் குளிச்சிட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

என் வீட்டில், என் மகளுக்காக நான் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு தாளைப் பற்றி எனக்குக் காரைக்குடியிலிருந்து தகவல் வருகிறது. நேரம் 12:41.

2

இதை ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்குச் சகலை என்ற உறவை விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர். பங்கு கிடையாது, பகை கிடையாது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இலை போடுவார்கள். யார் எப்படிச் சாப்பிடுகிறார், யார் எப்படி இருக்கிறார் என்று ஒரு வீடே பார்க்கும்.

எனக்கு ஊர் கண்டரமாணிக்கம். செல்விக்குக் காரைக்குடி. எங்கள் கல்யாணத்தின்போது நான் 61 கிலோ. மூன்று வருடம் கழித்து சேது அந்த வீட்டு மாப்பிள்ளையானபோது அவர் 90ஐத் தாண்டியிருந்தார். தலைத் தீபாவளிக்குப் பதினாலு இட்லி சாப்பிட்டு, "அத்தை, இட்லி நல்லாருக்கு, மதியத்துக்கு என்ன?" என்று கேட்டவர். மாமனார் அவர் முன்னாலேயே சொல்வார்: "மூத்த மாப்ளையப் பாருங்க. அளவாச் சாப்புடுறாக. ஒடம்பு கம்பாட்டம் இருக்கு." சேது தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வடையை எடுப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது மறைக்க ஒன்றுமில்லை. நான் அந்தப் பேச்சுக்காகவே சில நாள் பசியோடு எழுந்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சேதுவுக்குச் சர்க்கரை வந்தது. வேளாண்மை அலுவலகத்தில் நாற்காலி வேலை. டாக்டர் திட்டியிருக்கிறார். அன்றிலிருந்து மனிதர் மாறிவிட்டார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி. நாலு மணி டீயோடு வந்துகொண்டிருந்த பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். இராச் சாப்பாடு ஏழு மணிக்குள். புரோட்டா மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் கலாவோடு பாதிப் பாதி. வெள்ளென எழுந்து ஊருணிக் கரையைச் சுற்றி நடை, ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடி. அலுவலகத்தில் போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுவாராம்.

போன வருடம் மட்டும் பதினோரு கிலோ. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன இப்படி எளைச்சுட்டீக, சுகரா?" என்று துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்கிறார்களாம். அவர் சொல்கிற பதில்: "சுகரு ஏறி இருக்கையிலதான் குண்டா இருந்தேன். இப்ப எறங்கிருச்சுய்யா."

ஒரு நோட்டுக் கிடையாது. எதையும் எழுதி வைப்பதில்லை. நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் கலாவைக் கூப்பிடுவார். ஒரு பக்கம்கூட விடாமல் எழுதிய நான் அதே வருடத்தில் இரண்டரைக் கிலோ ஏறினேன்.

ஏன் ஏறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

3

இங்கே உணவு ஆலோசகர் ஒருவரிடம் என்னை அனுப்பினார்கள். வெள்ளை அரிசிக்குப் பதிலாக என்னென்ன சாப்பிடலாம் என்று அவர் கொடுத்த பட்டியலில் மூன்றாவதாகக் கறுப்பு அரிசி இருந்தது. எனக்குக் கண்கள் விரிந்தன. கறுப்பு அரிசி என்றால் நம் கவுனி. இயற்கை உணவுக் கடையில் ஒரு கிலோ வாங்கினேன். பொட்டலத்தில் அதன் பெயர் 'தடை செய்யப்பட்ட அரிசி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஏதோ ஒரு அரசன் காலத்துக் கதையாம். டாக்டரே அனுமதித்த பிறகு என்ன தடை என்று சிரித்துக்கொண்டு வந்தேன்.

செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி. எங்கள் பக்கத்தில் கவுனி என்றால் அரிசியின் பெயர் மட்டும் இல்லை, பலகாரத்தின் பெயர். ஊறவைத்து, குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது. விருந்துக் காலையில் இலையில் முதலில் விழுவது. அந்த அரிசியை வேறு எப்படியும் சாப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செல்விக்கும் தோன்றவில்லை. உடம்புக்காக ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். சீனியை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரை போட்டோம்.

தினமும் காலையில் அதுதான். நோட்டில் எழுதினேன்: கவுனி, ஒரு கிண்ணம், 180 கிராம். ஆலோசகருக்கு அனுப்பும் ஆங்கிலப் படியில்: கறுப்பு அரிசி, ஒரு கிண்ணம், 180 கிராம். ஒரு எழுத்துப் பொய் இல்லை. கேசரி என்று எழுதுகிறவர், அதில் சீனி உண்டு என்று தனியாக எழுதுவாரா? ஆலோசகர் மகிழ்ந்துபோய் என் பக்கங்களின் ஓரத்தில் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். மூன்று மாதம் நட்சத்திரம். பிறகு இரத்தப் பரிசோதனை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.4இல் இருந்து 7.1க்கு ஏறியிருந்தது. வாசலில் நின்றவன் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. போன மாதம் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒரு அலுவலகக் கதை. மருத்துவமனைப் படிவத்தில், 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் செல்வி தமிழ் என்று எழுதிவிட்டாள். உடனே கணினி எனக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துவிட்டது. பத்தொன்பது வருடமாக இந்த ஊர் ரயில் கால அட்டவணைகளை ஆங்கிலத்தில் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். வேண்டாம் என்று முன்மேசையில் சொன்னேன். வேண்டாம் என்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது, பரிசீலிக்க இருபது வேலைநாள் ஆகும் என்றார்கள். சரி, இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். கார் ஓட்டப் பழகும் கயல்தான் அன்று என்னை அழைத்துப் போயிருந்தாள். மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலோசகர் கேட்டார், கறுப்பு அரிசியை எப்படிச் சமைக்கிறீர்கள் என்று. நான் ஆங்கிலத்திலேயே 'வேகவைத்து' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் இன்று வரைக்கும் நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குள் மேசை மேலிருந்த ஒலிபெருக்கியில் யாழ்ப்பாணத்துப் பெண் குரல் ஒன்று கேட்டது.

"அண்ணா, இந்தக் கறுத்த அரிசியை எப்பிடிச் சமைக்கிறனீங்கள் எண்டு கேக்கினம்."

தமிழில் கேட்டால் தமிழில்தான் பதில் வருகிறது. "ராத்திரியே ஊறப் போடணும்மா. காலையில குக்கர்ல எட்டு விசில். சூட்டோட சூடா சர்க்கரையப் போட்டுக் கிண்டி, ஒரு மூடித் தேங்காயத் துருவி, மேல ரெண்டு கரண்டி நெய்."

"சீனியோ அண்ணா?"

"சேச்சே. சீனிய விட்டு எத்தனையோ மாசமாச்சு. நாட்டுச் சர்க்கரைதான்."

பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணா, நீங்கள் சொன்னதை நான் அப்பிடியே அவைக்குச் சொல்ல வேணும். அதுதான் எங்கட விதி. சொல்லட்டோ?"

"சொல்லுங்கம்மா."

சொன்னார். எட்டு விசில் உட்பட ஒன்றையும் விடவில்லை. ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். தான் போட்ட நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கயல் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

ஆலோசகர் நல்லவர். அரிசி மேல் குற்றமில்லை என்றார். அரைக் கிண்ணம், இனிப்பில்லாமல், பருப்பும் காயும் சேர்த்துச் சாப்பிடுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன்.

4

மறுநாள் மதியத்துக்குள் காரைக்குடி முழுக்கத் தெரிந்துவிட்டது. குடும்பக் குழுவில் சேது எழுதியிருந்தார்: "அண்ணே, நானுந்தான் கவுனி திங்கிறேன். சோறா! கத்திரிக்கா கொழம்பு ஊத்தி!" கீழே கலா சிரிப்புப் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தாள். மாமியார் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "மூத்த மாப்ளைக்கு இன்னும் மறுவீட்டு விருந்து முடியல போல."

நான் யாரிடமும் சொல்லவில்லை. செல்வியும் சொல்லவில்லை. மிச்சம் கயல்தான். கேட்டுவிடலாம் என்று பின்கட்டுக் கதவைத் திறந்தேன்.

அவள் ஓடிவிட்டு வந்திருந்தாள். வேலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து நீட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம்.

"இன்னைக்கு ஆறு கிலோமீட்டர் சித்தப்பா. நீங்க எம்புட்டு? ... ஐயோ, மழையா? மழைன்னா அந்தப் படிக்கட்டுல ஏறாதீக, வழுக்கும். அங்குட்டு ஊருணிப் பக்கமே நடங்க... என்னது? சும்மா சொல்லாதீக!"

நான் நின்றுவிட்டேன்.

ஏறாதீக. சொல்லாதீக. அவள் இந்த ஊரில் பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒன்பது வருடம் அழைத்துப் போனேன். அங்கே கற்றது பாடப்புத்தகத் தமிழ். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அப்படியே தமிழில் சொன்னாலும் 'வாங்க, போங்க'தான். அந்த 'ஈக' எங்களிடமிருந்து அவளுக்குப் போயிருக்க முடியாது. வந்த முதல் வருடம், ஒரு பொங்கல் விழாவில் நான் ஒருவரைப் பார்த்து "எங்குட்டு இருந்து வாரீக?" என்று கேட்டேன். சுற்றி நின்ற சென்னைக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றோடு நானும் செல்வியும் அதை விட்டோம். செல்விக்குக் கோபம் வந்தால் மட்டும் திரும்ப வரும்.

நான் விட்டதை என் மகள் சேதுவிடம் எடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் பத்து நிமிடப் பேச்சில், ஓட்டத்தையும் நடையையும் பற்றிய பேச்சில்.

அவருடைய பதினோரு கிலோ மேல் எனக்கு இருந்தது பொறாமை. ஆனால் அது எடை சம்பந்தப்பட்டது, ஒரு வகையில் விளையாட்டுப் பொறாமை. இது வேறு. மார்பெலும்புக்குக் கீழே ஒரு இடத்தில் நிஜமாகவே எரிந்தது. கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

5

இன்று மதியம் 2:10க்குக் கயல் அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

எங்கள் பகுதியில் ஜூன் மாதம் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் குடும்ப ஓட்டம். ஒரு குடும்பத்திலிருந்து இரண்டு பேர் சேர்ந்து ஓடலாம், அல்லது நடக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சேதுவும் கலாவும் மே மாதம் இங்கே வந்து ஆறு வாரம் இருக்கப்போகிறார்கள். 'உடன் ஓடுபவர்' என்ற இடத்தில் கயலின் கையெழுத்தில் சேதுராமன் என்று இருந்தது. 'உறவு' என்ற சிறிய கட்டத்தில், அங்கிள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"அங்கிள்னா யாரு? மாமாவா, பெரியப்பாவா, சித்தப்பாவா?"

"அவங்களுக்கு அதெல்லாம் தேவையில்லப்பா."

"தேவையில்லாம எதுக்குக் கட்டம் போட்டிருக்கான்? அவசரத் தொடர்பு எண் பழசு. சித்தப்பாவுக்குச் சுகர் இருக்கு. அதுக்கு டாக்டர் கடிதம் வேணும்னு கீழ போட்டிருக்கு, பாத்தியா?"

"வாங்கி அனுப்பிட்டாங்க. பின்னாடி இணைச்சிருக்கேன்."

திருப்பிப் பார்த்தேன். இருந்தது. மருத்துவரின் முத்திரை, தேதி, எல்லாம் சரியாக இருந்தன. பிழை கண்டுபிடிக்க வேறு இடம் இல்லாமல் போயிற்று.

"இந்த வீட்டுலயே ஒருத்தர் தினமும் எட்டுச் சுத்து நடக்குறாரு. அவர் பேர் உனக்கு ஞாபகம் வரலையா?"

கயல் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் பேசியதில் பாதி ஆங்கிலம். தமிழாக்கி எழுதுகிறேன்.

"போன வருஷம் நீங்க என்கூட வந்தீங்க. பதினொரு நாள் வந்தீங்க."

"பதினாலு நாள்."

"பாத்தீங்களா?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் ஓடிட்டு வந்து நிப்பேன். மூச்சு வாங்கும். நீங்க கடிகாரத்தப் பாத்து, நேத்தைவிட பதினாறு செகண்ட் அதிகம்னு சொல்வீங்க. வீட்டுக்கு வந்து அதை எழுதுவீங்க. ஒரு நாள் எனக்கு முழங்கால் வலி. நடந்துதான் வந்தேன். அன்னைக்கும் எழுதினீங்க. சித்தப்பாகிட்ட ஓடினேன்னு சொன்னா, அப்புறம்னு கேப்பாங்க. நீங்க எத்தனை நிமிஷம்னு கேப்பீங்க."

"உன் நல்லதுக்குத்தானே எழுதினேன்?"

"தெரியும்பா. ஆனா சித்தப்பாவோட நடந்தா நடுவுல உக்காரலாம்."

நான் தாளை அவள் பக்கம் தள்ளினேன். "திருத்திக் கொண்டு வா. அப்புறம் பாக்கலாம்" என்றேன். அவள் தாளை எடுக்கவில்லை. எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

5:30க்குச் செல்வி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேசினாள். ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"அந்தத் தம்பி மேல பொறாமைன்னு சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்குப் பிள்ள ஃபாரத்துல நொட்ட கண்டுபிடிக்கிறீக?"

"எனக்கென்ன பொறாமை?"

"ஆமா, இல்ல. போன் பேசி முடிச்சதும் கண்ணாடி முன்னாடி வயித்த எக்கிக்கிட்டு நின்னது யாரு, நானா?"

அவளே தொடர்ந்தாள். "கலா ஒண்ணு சொன்னா. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அந்தத் தம்பி எதுக்கு நடக்க ஆரம்பிச்சுச்சு தெரியுமா? டாக்டரு திட்டுனதுக்கு இல்ல. எங்கப்பா பந்திக்குப் பந்தி மூத்த மாப்ளையப் பாரு, மூத்த மாப்ளையப் பாருன்னு சொன்னாருல்ல. இத்தன வருசமா அது மனசுல கெடந்திருக்கு. அடுத்து அண்ணன் முன்னாடி இலையில உக்காரும்போது யாரும் என்னையச் சொல்லக் கூடாதுன்னு கலாகிட்ட சொல்லுச்சாம். உங்க மேல வயித்தெரிச்சல்லதான் நடந்திருக்கு அது."

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இன்னும் கொஞ்சம் எரிந்தது. இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே வியாதி. அவர் அதைக் காலில் போட்டு ஊருணியைச் சுற்றியிருக்கிறார். நான் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பொறாமையைக்கூட என்னைவிட நன்றாகப் பயன்படுத்திவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, 7:00 மணிக்கு, நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இன்றோடு 366 பக்கம். கயலின் பெயர் எங்கெங்கே வருகிறது என்று தேடினேன். பதினாலு இடத்தில் வந்தது. நான் சொன்ன எண்ணிக்கை சரிதான். ஏப்ரல் 9: கயல், 4 கி.மீ., 27 நிமிடம் 40 வினாடி. ஏப்ரல் 10: கயல், 4 கி.மீ., 27 நிமிடம் 56 வினாடி. முழங்கால் வலித்த நாள் எது என்று தேடினேன். ஏப்ரல் 19ஆக இருக்க வேண்டும். 41 நிமிடம் 12 வினாடி என்று எழுதி, நேரத்தின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். குறிப்புப் பத்தியில் 'மிக மெதுவு'. வலியைப் பற்றி ஒன்றுமில்லை. பதினாலு நாளும் நாங்கள் அந்தத் தெருக்களில் என்ன பேசினோம் என்று எவ்வளவு யோசித்தும் ஒரு வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. எழுதாததால் மறந்ததா, பேசவே இல்லையா, தெரியவில்லை.

தாள் மேசையில் தள்ளிவைத்த இடத்திலேயே கிடந்தது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் ஓட மாட்டாள். சேதுவோடு ஓட மாட்டாள் என்பது மட்டும் இல்லை, ஓடவே மாட்டாள். வந்து கெஞ்சவும் மாட்டாள். போன வருடம் பதினைந்தாம் நாள் என்னைக் கூப்பிடாமல் ஒருத்தியாகக் கிளம்பிப் போனதுபோல, இதையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விடுவாள். அப்புறம் எனக்குக் காரைக்குடியிலிருந்துகூடத் தகவல் வராது.

6

மார்ச் 17, திங்கட்கிழமை. 5:50க்கு எழுந்தேன். எடைக் கருவி பக்கம் போகவில்லை. நேராக மேசைக்குப் போய் விளக்கைப் போட்டேன்.

அவசரத் தொடர்பு எண்ணை அடித்துவிட்டு என் புது எண்ணை எழுதினேன். 'அங்கிள்' என்ற சொல்லையும் அடித்தேன். அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. 'தாயின் தங்கையின் கணவர்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை. கணவர் வெளியே ஓரத்துக்குப் போய்விட்டார். பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். பேனாவை மூடும்போது இருந்தது. ஜூன் மாதம் அவர்கள் இரண்டு பேரும் எல்லைக்கோட்டைத் தாண்டி வரும்போது, கயிற்றுக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்கப்போகிறவன் நான். அப்போதும் இருக்கும்.

6:05க்குக் கயல் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். நின்றபடியே எடுத்து வாசித்தாள். ஓரத்தில் நிற்கும் கணவரிடம் வந்ததும் உதடு கொஞ்சம் அசைந்தது. கடைசி வரிக்குப் போனாள்.

"அப்பா, தேதி தப்பு. இன்னைக்குப் பதினேழு."

வாங்கிப் பார்த்தேன். பதினாறு என்றுதான் போட்டிருந்தேன். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் தேதியில் நான் செய்த முதல் பிழையாக இருக்கலாம். அவள் தன் பேனாவை நீட்டினாள். பதினாறை ஒரு கோட்டால் அடித்தேன். மேலே பதினேழு என்று எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.